நடிகனும் நடுக்கமும்

மேடையில் ஏறி நிற்கிறவனுக்குப் பயமே கிடையாது என்பது கீழே உட்கார்ந்திருப்பவர்களின் நம்பிக்கை. மேலே நிற்பவனைக் கேட்டால் கதை வேறாக இருக்கும். உள்ளங்கை வியர்ப்பதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வதும், நேற்றுவரை தலைகீழாக ஒப்பித்த பாடம் அடியோடு மறந்துவிட்டதாகத் தோன்றுவதும், நடிப்பைத் தொழிலாகக் கொண்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அறிந்த அவஸ்தைகள். இதற்குச் 'சபாகம்பம்' என்று பெயர். சபையைக் கண்டு உண்டாகும் நடுக்கம் என்பது அதன் பொருள். இதன் பொருட்டே வள்ளுவர் 'அவை அஞ்சாமை' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். போர்க்களத்தில் சாகத் துணிந்தவர்கள் பலர், சபையின் நடுவே அஞ்சாமல் பேசவல்லவர்கள் சிலர் என்பது அவர் கண்ட உண்மை. அரசியல் மேடைகளில் ஏறி இறங்கிய அன்பர்களுக்கு இதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆனால் வள்ளுவர் அந்த அதிகாரத்தை வைத்தது பொருட்பாலில், அமைச்சியலில். அமைச்சனுக்கு அஞ்சாமை வேண்டும். நடிகனுக்கும் வேண்டியது அதுதானா? அன்று என்பதே நம் கருத்து. அச்சம் அடியோடு அற்றுப்போன நடிகன், சம்பளத்துக்குக் கணக்கெழுதும் குமாஸ்தாவைப் போல மேடைக்கு வந்துபோவான். உயிருள்ள நடிகனிடம் நடுக்கம் இருக்கவே செய்யும். அதை அவன் எங்கே வைக்கிறான், அதற்கு என்ன வேலை கொடுக்கிறான் என்பதுதான் விஷயம். நம் பழைய நாடக மேடையும் கூத்துக் களரியும் அந்த நடுக்கத்தை விரட்ட முயலவில்லை. அதற்கு இடம் ஒதுக்கி, வேலையும் கொடுத்தன. இந்த ஏற்பாடுகளை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம்.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளில் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்றார். தெய்வம் முதலிய அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவன் என்பன அவை. இந்த நான்கில் சபை இல்லை. ஆயினும் நடிகனுக்கு இறைவன் யார்? முன் வரிசையில் பாயிலும் தரையிலும் உட்கார்ந்து, பிடித்தால் 'ஒன்ஸ்மோர்' என்றும், பிடிக்காவிட்டால் ஊளையிட்டும் தீர்ப்புச் சொன்ன தரை டிக்கெட்டு மகாஜனங்கள்தாம். ஆகவே தொல்காப்பியர் கணக்கில் சபையும் அடங்கிவிட்டது என்று கொள்வதில் பிழையில்லை.

சேலம், ஈரோடு, தருமபுரி பகுதிகளில் இன்றும் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில், ஒரு வேஷக்காரர் களரிக்கு வரும் முறையைப் பாருங்கள். அவர் திடீரென்று வந்து நின்றுவிடுவதில்லை. முதலில் கோமாளி வந்து, ஜனங்களோடு பரிகாசம் பேசி, சபையின் குளிரைத் தான் வாங்கிக்கொள்கிறான். பிறகு இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்கிறார்கள். அதன் பின்னால் நின்றுகொண்டு ராஜவேஷக்காரர் தம் வரவைப் பாடுகிறார். காலில் கட்டிய சலங்கை கேட்கிறது. திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரிகிறது. திரை ஆடுகிறது, அசைகிறது, முகம் மட்டும் தெரிவதில்லை. பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். அந்த இடைவேளையில் அவர் மூச்சு வாங்கிக்கொள்கிறார். முகம் தெரியும் நேரத்துக்குள் குரல் பதப்பட்டுவிடுகிறது, தாளத்தில் கால் நிலைத்துவிடுகிறது, மூச்சு ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. பார்ப்பவர்களுக்கோ, இன்னும் காணாத ராஜனைப் பற்றிய ஆவல் உச்சிக்கு ஏறியிருக்கிறது. ஒரே துணி இரண்டு வேலை செய்கிறது. உள்ளே நிற்பவனின் பயத்தைக் குறைக்கிறது, வெளியே இருப்பவனின் எதிர்பார்ப்பைக் கூட்டுகிறது. இதைக் கண்டுபிடித்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. தாமே நடுங்கி அறிந்த ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

கூத்தில் இதைவிட ஆழமான அச்சம் ஒன்றும் உண்டு. திரௌபதை துகில் உரியும் கட்டத்தில் துச்சாதனன் வேஷம் போட்டவருக்குச் சபையைப் பற்றிய கவலை இல்லை, பாவத்தைப் பற்றிய கவலை. திரௌபதை பல ஊர்களில் அம்மனாகக் கோயில் கொண்டிருப்பவள். அவள் சேலையில் கை வைப்பது வெறும் நடிப்பென்று அவராலும் எண்ண முடியாது, பார்க்கிறவர்களாலும் எண்ண முடியாது. அதனால் கற்பூரம் ஏற்றி வணங்கி மன்னிப்புக் கேட்டபின் அந்தக் கட்டத்தை நடத்தும் வழக்கம் ஏற்பட்டது. கற்பூரம் எரிந்தபின் அவர் அரைமனதோடு இழுப்பதில்லை. அனுமதி பெற்றவனைப் போல வெறியோடு இழுக்கிறார். பயத்துக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிட்டதால் கை விடுதலையாகிறது.

கொங்கு நாட்டுக்கே உரிய அண்ணன்மார் கதையில் பொன்னரும் சங்கரும் மாளும் படுகளம் வேறொரு வகை. உடுக்கடிப் பாட்டு அந்த இடத்தை நெருங்கும்போது, வீரர்களாக நிற்பவர்கள் பிணம்போல் விழுகிறார்கள். தங்கை தங்காள் வந்து எழுப்பும் சடங்கு முடியும்வரை அவர்கள் எழுவதில்லை. இதை நடிப்பு என்று சொன்னால் கொங்குக் கிராமத்தார் நம்மீது சினம் கொள்வார்கள். அருள் என்பார்கள். அந்தச் சண்டைக்குள் நாம் புக விரும்பவில்லை. நாம் கவனிப்பது ஒன்றைத்தான்: விழுகிறவரைச் சுற்றி ஊரே நிற்கிறது. எழுப்புவதற்கு ஒரு முறை உண்டு, அதற்கென்று ஆளும் உண்டு. திரும்பிவரும் வழி முன்கூட்டியே போடப்பட்டிருப்பதால்தான் அத்தனை தூரம் போக அவருக்குத் துணிவு வருகிறது.

இனி நாடகக் கொட்டகைக்கு வருவோம். கம்பெனி நாடகங்கள் தளர்ந்த காலத்தில் 'ஸ்பெஷல் நாடகம்' என்ற முறை தமிழ்நாடெங்கும் பரவியது. ராஜபார்ட்டு ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட்டு வேறோர் ஊரிலிருந்து வருவார், பபூனும் ஆர்மோனியக்காரரும் இன்னும் எங்கிருந்தோ வருவார்கள். ஒத்திகை கிடையாது. ஒருவரை ஒருவர் முதன்முதலாகச் சந்திப்பதே சில சமயம் அந்த மேடையில்தான். 'வள்ளி திருமணம்' என்றால் கதை எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, எதிரே நிற்பவர் எந்தப் பாட்டில் எந்தக் கேள்வியைக் கேட்பார் என்பதே. பாட்டாகக் கேட்டால் பாட்டாகவே பதில் வர வேண்டும். வராவிட்டால் சபை சும்மா இருக்காது. போதாக்குறைக்கு அக்காலத்தில் ஒலிபெருக்கியும் இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்கும்படி சாரீரம் எழ வேண்டும். பயத்தால் முதலில் கெடுவது மூச்சு. மூச்சுக் கெட்டால் சாரீரம் கெடும், சாரீரம் கெட்டால் பிழைப்புக் கெடும். இத்தனையும் ஒரு சங்கிலி.

இந்தச் சங்கிலிக்கு நடுவில் நின்று ஜெயித்தவர் நம் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். காவேரிக் கரையில் பிறந்த அந்த அம்மையார், இருபது வயதும் நிரம்பாத நிலையில், 1926-ல் இலங்கையில் எஸ். ஜி. கிட்டப்பாவோடு முதன்முதலாக ஒரே மேடையில் நின்றார். கிட்டப்பாவின் குரலோ எட்டாத உயரத்தில் அநாயாசமாகச் சஞ்சரிக்கும் குரல். அவர் எதிரில் இந்தப் பெண் தாக்குப்பிடிக்க மாட்டாள் என்று சிலர் முன்கூட்டியே பயமுறுத்தினார்கள் என்று சொல்வதுண்டு. நடந்தது என்ன? ஒருவர் சுருதியை உயர்த்த, மற்றவர் அதற்குமேல் போக, போட்டியே கச்சேரியாயிற்று. அடுத்த ஆண்டே இருவரும் மணந்துகொண்டார்கள். தனியாகப் பாடியிருந்தால் இருவரில் எவரும் எட்டியிராத இடத்தை, எதிரே இருப்பவர் மிஞ்சிவிடுவாரோ என்ற பயம் எட்ட வைத்தது என்பது நம் ஊகம்.

1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா இருபத்தேழு வயதில் காலமானார். அம்மையார் வெள்ளைச் சேலை தரித்து, மேடையை விட்டு விலகியிருந்தார். பின்பு திரும்பிவந்தபோது எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் கொண்டார். 1935-ல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில், லட்ச ரூபாய் பெற்றுக்கொண்டு, நந்தனாராகவே வேஷமிட்டார். ஒரு பெண், ஆண் வேஷம், அக்காலத்தில் கேட்டிராத தொகை, ஊர் முழுதும் பேச்சு! அந்த நாட்களில் அவர் மனம் எப்படியிருந்தது என்று நாம் சொல்வதற்கில்லை. சத்தியமூர்த்தி போன்றோர் அழைக்கக் காங்கிரஸ் மேடைகளில் அவர் பாடியதும், 1958-ல் மேல்சபை உறுப்பினரானதும் எல்லோரும் அறிந்ததே.

பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்த பிள்ளைகளின் பயம் தனி ரகம். ஆறேழு வயதில் வீட்டைப் பிரிந்து வந்த குழந்தைகளுக்குச் சபையைவிட வாத்தியாரின் பிரம்பே பெரிதாகத் தெரிந்தது. ஒரு பயத்தைப் பெரிய பயத்தால் அடக்குவது அந்தக் கம்பெனிகளின் வைத்தியம். அதில் சில மேதைகள் தப்பிப் பிழைத்தார்கள் என்பதற்காக அதை நாம் புகழ மாட்டோம். பிரம்புக்கு அஞ்சிப் பாடம் ஒப்பித்து, பிறகு எங்கே போனார்களென்றே தெரியாத பிள்ளைகள் எத்தனை பேரோ! போதாததற்கு 'மகரக்கட்டு' வேறு. பதினான்கு, பதினைந்து வயதில் தொண்டை உடையும்போது நேற்றுவரை ராஜபார்ட்டாக இருந்த பையன் இன்று சேவகனாக நிற்பான். எந்த நாள் வருமென்று தெரியாது, வருவதைத் தடுக்கவும் முடியாது. பாடும்போது ஒவ்வொரு மேல் ஸ்தாயியிலும் அந்தப் பயம் அவர்களுக்கு இருந்திருக்கும்.

இந்த மேடைக்கே ஆசிரியரான சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) கதை தலைகீழானது. அவர் சபையைக் கண்டு அஞ்சவில்லை. சபை அவரைக் கண்டு அஞ்சியது. எமன், சனீசுவரன், இரணியன், இராவணன் முதலிய வேஷங்களில் அவர் தோன்றினால் பெண்டிர் நடுங்குவார்கள். எமன் வேஷத்தில் அவர் வந்ததைக் கண்டு சபையிலிருந்த ஒரு பெண்ணின் கரு கலைந்தது என்றும், சனீசுவரன் வேஷத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்த்துறைக்குப் போனபோது எதிர்ப்பட்ட ஒரு பெண் பயத்தால் உயிர்விட்டாள் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அதன்பின் அவர் வேஷம் கட்டுவதை விட்டு, எழுதுவதிலும் கற்பிப்பதிலும் இறங்கினார் என்பது அந்த வரலாற்றின் முடிவு. கதையில் எவ்வளவு மிகையோ, விட்டுவிடுவோம். தன் கலையின் பலத்தைக் கண்டு தானே அஞ்சிய நடிகர் ஒருவர் நம்மிடையே இருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. அவர் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி. கே. எஸ். சகோதரர்கள் சேர்ந்தபோது ஷண்முகத்துக்கு வயது ஆறு. அந்தச் சிறுவனுக்காகவே ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி'யை எழுதி முடித்தார் சுவாமிகள். அந்தச் சகோதரர்கள் பின்னாளில் பெரிய நாடகக் குழுவினராகி, 1944-ல் நம் ஈரோட்டில் நாடகக்கலை மாநாடு கூட்டினார்கள்.

தொல்காப்பியர் சொன்ன நான்காவது அச்சம், ஆளும் இறைவனால் வருவது. அதைப் பற்றிச் சொல்லாமல் தேசிய இயக்கத்தின் நாடகத்தைப் பற்றிப் பேச முடியாது. 1876-ல் வெள்ளைச் சர்க்கார் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சுதந்தரம் வந்து எழுபது ஆண்டு கழிந்த பிறகே அது ரத்தாயிற்று என்பதை நேயர்கள் நம்பச் சிரமப்படலாம். இந்தச் சட்டத்தின் நிழலில், முன் வரிசையில் போலீஸார் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்க, சிவகாசியில் பிறந்த எஸ். எஸ். விசுவநாததாஸ் பாடினார். புராண நாடகம்தான். தினைப்புனத்தில் பறவைகளை விரட்டும் கட்டத்தில் ஒரு வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டு வரும். கொக்கு எதுவென்று கொட்டகை முழுவதற்கும் தெரியும். எழுதுகிற போலீஸ்காரருக்கும் தெரியும். ஆனால் கொக்கை விரட்டுவது எந்தச் சட்டப்படி குற்றம்? பலமுறை சிறை சென்ற அவருக்கு, பாடி முடித்ததும் என்ன நடக்கக்கூடும் என்பது தெரியாதா? தெரிந்தது பாடியவருக்கு மட்டுமன்று. கேட்டவர்களும் பயந்தார்கள். அந்தப் பொதுப் பயம்தான் அந்தச் சாதாரணப் பாட்டுக்கு மந்திரத்தின் பலத்தைக் கொடுத்தது. போலீஸ் இல்லாத கொட்டகையில் அதே பாட்டு அவ்வளவு எடுபட்டிருக்குமா என்பது நமக்குச் சந்தேகமே. மேடைக்கு வெளியே வேறோர் அவமதிப்பும் அவருக்குக் காத்திருந்தது. நாவிதர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். 1940 டிசம்பர் 31-ஆம் தேதி சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேஷத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

பயத்துக்குப் பொய்யான துணை ஒன்றும் உண்டு. அது குடி. மேடைக்குப் போகுமுன் 'தைரியத்துக்கு' என்று தொடங்கி, பிறகு மேடைக்கே போக முடியாமற் செய்து, அருமையான எத்தனையோ சாரீரங்களை அது கொண்டுபோயிற்று. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி முதன்முதலாக மதுவிலக்கு அமுலுக்கு வந்தது நம் சேலம் ஜில்லாவில்தான். அதற்கு நன்றி சொல்ல நாடகக்காரர் குடும்பங்களுக்கு மற்றவர்களைவிட அதிகக் காரணம் இருந்தது.

மேல்நாட்டிலும் இதே கதைதான். ஆங்கில நாடக உலகின் முடிசூடா மன்னராக விளங்கிய லாரன்ஸ் ஒலிவியரை, அறுபதை நெருங்கும் வயதில், புகழின் உச்சியில் இருக்கும்போது மேடைப் பயம் பிடித்துக்கொண்டது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் விடவில்லை. 'ஒதெல்லோ' நாடகத்தில் தனி மொழி பேசும்போது, இயாகோவாக நடித்த பிராங்க் பின்லேயைத் தம் கண்ணுக்குத் தெரியும்படி பக்கத் திரையோரம் நிற்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். நம் கூத்தில் பின்பாட்டுக்காரன் பிறவியிலேயே இருக்கிறான். ஒலிவியர் அவனை அவஸ்தைப்பட்டுத் தேடிக்கொள்ள நேர்ந்தது. அமெரிக்காவில் ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இங்கே பொருந்தும். பாடுவதற்குமுன் 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள், 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகப் பாடினார்கள். மேடைப் பேச்சிலோ, 'அமைதியாக இருக்கிறேன்' என்றவர்களைக்காட்டிலும் 'உற்சாகமாக இருக்கிறேன்' என்றவர்களே மேலாகப் பேசினார்கள். காரணம் எளிது. பயத்திலும் சரி, உற்சாகத்திலும் சரி, இதயம் ஒரே மாதிரிதான் படபடக்கிறது. ஓடுகிற குதிரையை நிறுத்துவதைவிடத் திருப்புவது சுலபம்.

கோயமுத்தூரில் 1914-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் கட்டியபோதும், 1930-களில் சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தபோதும், நாடகக்காரர்களுக்குப் புதியதொரு பயம் பிறந்தது. ஸ்டூடியோவில் சபையே இல்லை. சிரிக்கவும் கைதட்டவும் ஆளில்லாத நிசப்தத்தில், கண்ணிமை துடிப்பதையும் பிடித்துவிடும் ஒரு கண்ணாடிக் கண் எதிரே நிற்கிறது. கடைசி வரிசைக்கு எட்டும்படி கையை வீசிப் பழகியவர்கள், விரலளவு அசைவில் சொல்லக் கற்க வேண்டியிருந்தது. பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த எம். ஜி. ராமச்சந்திரன், 1936-ல் திரைக்கு வந்தும், பதினோரு ஆண்டு சிறு வேஷங்களில் கழித்த பின்னரே, இதே சென்ட்ரல் ஸ்டூடியோவில் தயாரான 'ராஜகுமாரி'யில் (1947) கதாநாயகனானார். மேடையில் பயத்தைத் தணித்த கோமாளியும் பின்பாட்டும் திரைத்துணியும் ஸ்டூடியோவின் வாசலோடு நின்றுவிட்டன. அங்கே நடிகன் தனியனாக நின்றான்.

அந்தத் தனிமை இப்போது பள்ளிக்கூடங்களுக்கும் வந்துவிட்டது. கொங்கு நாட்டில் இன்று ஆண்டு விழா நடத்தாத பள்ளி இல்லை. வெளிச்சத்தைக் கண்ணில் அடித்து, ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒரு சிறுவனைத் தள்ளி, 'பயப்படாதே' என்று சொல்லிவிட்டு உபாத்தியாயர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவன் விழித்தால் சபை சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு பல பேருக்கு ஆயுள் முழுதும் காதில் கேட்கிறது. பிற்காலத்தில் கிராமப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் அவர்கள் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். 'பயப்படாதே' என்ற சொல்லால் எந்தப் பயமும் போனதில்லை. முதல் அடியை மறைவிலிருந்து சொல்ல விடலாம். அதை வாங்கித் திருப்பிச் சொல்ல நான்கு தோழர்களைப் பக்கத்தில் நிறுத்தலாம். அதற்குமுன் ஒரு கோமாளியை அனுப்பிச் சபையைச் சிரிக்க வைக்கலாம். செலவு அதிகமில்லை. ஒரு வேட்டியும், அதை விரித்துப் பிடிக்க இரண்டு பையன்களும் போதும்.